சும்மா உட்காருவதும் ஒரு சேமிப்புதான்

(அனகாபுத்தூரில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம கூடினாலே சேமிப்பு, கடன், தவணை, தணிக்கை என்றுதான் பேச்சு ஓடும். இன்றைக்கு அந்த நோட்டையெல்லாம் கொஞ்சம் மூடி வைப்போம். நம்ம மனசைப் பற்றிப் பேசுவோம். மரம், காற்று, தண்ணீர் பக்கத்தில் கொஞ்ச நேரம் அமைதியாக உட்காருவது பற்றிப் பேசுவோம்.

"நமக்கு ஏதுங்க அதுக்கெல்லாம் நேரம்?" என்று சிலர் சிரிக்கிறீர்கள். சரியான கேள்விதான். 2019-ல் மத்திய அரசு, மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவு செய்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. வீட்டு வேலை செய்கிற பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரி 299 நிமிடம். அதாவது ஏறக்குறைய 5 மணி நேரம், சம்பளமில்லாமல். வீட்டு வேலை செய்கிற ஆணுக்கு 97 நிமிடம். இதற்கு மேல்தான் நம்ம தறி வேலை, தையல், கூலி வேலை, குழு வேலை எல்லாம். ஆண்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் யாரும் கேட்பதில்லை. நாம ஒரு மரத்தடியில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால், "என்னம்மா, வீட்ல வேலை இல்லையா?" என்று கேட்கிறார்கள். நேரம் இல்லை என்பது பாதி உண்மை. உட்கார நமக்கு உரிமை இருக்கிறது என்று நாமே நம்பாததுதான் மீதி.

தியானத்தைத் தேடி நாம் இமயமலைக்குப் போக வேண்டாம். நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே திருநீர்மலை இருக்கிறது. மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால், திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைத் தரிசித்தார் என்பது தல வரலாறு. காத்திருப்பதும் ஒரு வழிபாடுதான் என்று நம்ம ஊர்ப் பக்கத்துக் கதையே சொல்கிறது.

அதற்கு அடுத்தாற்போல் திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' என்ற விபஸ்ஸனா தியான மையம் இருக்கிறது. பர்மாவில் பிறந்த எஸ்.என். கோயங்கா 1969-ல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கிய முறை இது. 10 நாள் அங்கேயே தங்க வேண்டும். பெண்களுக்குத் தனி இடம். பேச்சு கிடையாது, போன் கிடையாது. முதல் மூன்று நாளும் மூச்சு வருவதையும் போவதையும் கவனிப்பதுதான் வேலை. கட்டணம் இல்லை, முன்பு பயின்றவர்கள் தருகிற நன்கொடையில் நடக்கிறது. ஆனால் கைக்குழந்தையையும் தறியையும் விட்டுவிட்டு 10 நாள் போக நம்மில் எத்தனை பேரால் முடியும்? முடிந்தவர்கள் போகலாம். முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு.

2019-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் எடுத்த தகவலை வைத்து ஒரு ஆய்வு வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை போன்ற இடங்களில் இருந்தவர்கள், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே நாளில் போனாலும் சரி, பிரித்துப் பிரித்துப் போனாலும் சரி, வித்தியாசமில்லை. மரம்தான் நோயைக் குணமாக்கியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 17, 18 நிமிஷம்தான்! நாம குழு ஆரம்பித்தபோதும் சிறுகச் சிறுகத்தானே சேர்த்தோம்? நேரத்தையும் அப்படியே சேர்ப்போம்.

எப்படி உட்காருவது? நம்ம அனகாபுத்தூர் நெசவு ஊர். வாழை நாரில் சேலை நெய்து பேர் வாங்கிய ஊர். தறியில் உட்கார்ந்தவர்களுக்குத் தியானத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவில் ஒரு இழை அறுந்தால் என்ன செய்வோம்? தறியைத் திட்டுவதில்லை. நிறுத்தி, இழையை எடுத்து முடிச்சுப் போட்டு, மறுபடி நெய்வோம். மனசும் அப்படித்தான். மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் கடன் தவணைக்கு ஓடும், பிள்ளை பரீட்சைக்கு ஓடும். ஓடட்டும். அறுந்தது தெரிந்ததும் முடிச்சுப் போட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். கண்ணை மூடப் பிடிக்கவில்லையா? ஒரு வேப்பமரத்தின் இலை அசைவதைப் பாருங்கள். குருவிச் சத்தத்தைக் கேளுங்கள். அதுவே போதும்.

இன்னொன்றையும் மனம் விட்டுப் பேசுவோம். நம்ம ஊரைத் தொட்டுத்தான் அடையாறு ஓடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ராத்திரி மழைச் சத்தம் கேட்டாலே தூக்கம் போய்விடுகிறது என்று சொல்லும் சகோதரிகள் உண்டு. அந்தப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். பயத்தைத் தனியாகச் சுமப்பதைவிட, நாலு பேர் மரத்தடியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டால் பாரம் குறையும். ஆற்றில் சாக்கடை கலக்காமல், குப்பை கொட்டாமல் இருந்தால்தான் அதன் கரையில் மறுபடி நிம்மதியாக உட்கார முடியும். ஆகவே ஆற்றின் சுத்தமும் நம்ம மனசின் நிம்மதியும் வேறு வேறு அல்ல.

இனி செய்ய வேண்டியது நான்கு விஷயம்.

ஒன்று, குழுக் கூட்டம் தொடங்கும் முன் 10 நிமிடம் எல்லோரும் வெளியில் மரத்தடியில் அமைதியாக உட்காருவோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதியே வைப்போம். எழுதினால்தான் நிற்கும்.

இரண்டு, வாரம் ஒரு நாள் நாலைந்து பேர் சேர்ந்து போவோம். தனியாகவோ இருட்டிலோ ஆற்றங்கரைக்குப் போக வேண்டாம். ஒருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் உட்காரலாம். அடுத்த வாரம் முறை மாறட்டும்.

மூன்று, 2021-ல் நாம் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டோம். பகுதி சபைக் கூட்டங்களில் ரோடு, குடிநீர் கேட்பது போல, பெண்கள் உட்கார நிழலும் விளக்கும் கழிப்பறையும் உள்ள ஒரு பூங்காவையும் கேட்போம்.

நான்கு, இதை மருந்துக்குப் பதிலாக நினைக்காதீர்கள். பிரஷர், சுகர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்றால் உடனே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணும் இருக்கிறது. உங்கள் ஊக்குநரிடமும் சொல்லுங்கள். குழு இருப்பது கடனுக்கு மட்டுமல்ல.

சகோதரிகளே, குடும்பத்தில் எல்லோருக்கும் நேரம் ஒதுக்குகிறோம். நம்ம பேரிலும் ஒரு கணக்கு தொடங்குவோம். இந்தக் கூட்டம் முடிந்ததும் பத்து நிமிஷம் வெளியே மர நிழலில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு வீட்டுக்குக் கிளம்புவோம். முதல் தவணையை இன்றைக்கே கட்டிவிடலாம்.