பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பாருங்கள்



காலையில் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிறது. பெற்றோர் வேலைக்குப் போகிறார்கள். "பள்ளிக்கூடத்தில்தானே இருக்கிறது. பத்திரமாக இருக்கும்" என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் அது சரிதான். சில நாட்களில் அப்படி இல்லாமல் போயிருக்கிறது. அந்த நாட்களில் என்ன நடந்தது? அதைத் தெரிந்துகொண்டால்தான் மறுபடி நடக்காமல் தடுக்க முடியும்.

மூன்று ஊர்கள்

ஹரியானா மாநிலத்தில் மண்டி டப்வாலி என்று ஓர் ஊர். 1995 டிசம்பர் 23 அன்று ஒரு பள்ளியின் ஆண்டு விழா நடந்தது. கல்யாண மண்டபத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். செயற்கைத் துணிப் பந்தல். திடீரென்று அது தீப்பற்றியது. எரிந்த துணி கூட்டத்தின் மேல் விழுந்தது. எல்லோரும் ஒரே வாசலை நோக்கி ஓடினார்கள். 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் குழந்தைகள்.

தமிழ்நாட்டில் கும்பகோணம். 2004 ஜூலை 16. ஒரு பள்ளியின் சமையல் கொட்டகையில் தீப்பற்றியது. அங்கிருந்து மாடியில் இருந்த கீற்றுக் கூரைக்குப் பரவியது. கூரையின் கீழே சின்னஞ்சிறு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கும் படி குறுகலானது. 94 குழந்தைகள் இறந்தார்கள்.

பீகாரில் சரண் மாவட்டம், கண்டாமன் கிராமம். 2013 ஜூலை 16. பிள்ளைகள் மதிய உணவு சாப்பிட்டார்கள். சமைத்த எண்ணெயில் பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து கலந்திருந்தது. 23 குழந்தைகள் இறந்தார்கள்.

பந்தல் துணி, கீற்று, குறுகலான படி, எண்ணெய் டப்பா. இவற்றில் எது கண்ணுக்குத் தெரியாத பொருள்? இவற்றைக் கவனிக்க இன்ஜினியர் படிப்பு வேண்டியதில்லை. வீட்டில் அடுப்பு மூட்டுகிறவருக்குக் கீற்றுக்கும் நெருப்புக்கும் ஆகாது என்று தெரியும். வயலில் மருந்து அடிக்கிறவருக்கு அந்த டப்பாவைச் சமையல் கட்டில் வைக்கக்கூடாது என்று தெரியும். தெரிந்தவர்கள் பள்ளிக்குள் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

கேட்க உரிமை உண்டா?

உண்டு. 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. நாட்டில் எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சி தர வேண்டும், கட்டடம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று அது சொன்னது. இது தனியார் பள்ளிக்கும் பொருந்தும்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப்பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது இந்தக் குழுவின் வேலை.

பல ஊர்களில் உறுப்பினர்களுக்கு இது தெரிவதில்லை. கூட்டத்துக்கு வருவார்கள். நோட்டு வரும். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இனி அப்படிச் செய்ய வேண்டாம். குறையைக் கூட்டத்தில் சொல்லுங்கள். அதைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை முழுவதும் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். நோட்டில் ஏறியதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எழுத்துக் கற்றதன் பலன் இங்கேதான் தெரியும்.

எதைப் பார்ப்பது?

வகுப்பு நடக்கும்போது வெளிக்கதவு பூட்டிக் கிடக்கிறதா? பூட்டினால் சாவி யாரிடம் இருக்கிறது? மாடியிலிருந்து இறங்க இரண்டு வழி உண்டா? படிக்கட்டில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறார்களா? ஒயர் தொங்குகிறதா? தீயணைப்புக் கருவியில் எழுதியுள்ள தேதி தாண்டிவிட்டதா? அதை இயக்கத் தெரிந்தவர் பள்ளியில் இருக்கிறாரா?

சமையல் கட்டு வகுப்பறையை விட்டுத் தள்ளி இருக்கிறதா? அங்கே பூச்சிமருந்தோ பினாயிலோ இருக்கிறதா? பழைய மருந்து டப்பாவில் எண்ணெய் வைத்திருக்கிறார்களா? பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் உட்படப் பெரியவர்கள் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. அது தினமும் நடக்கிறதா?

கிணற்றுக்கு மூடி உண்டா? சுவரில் விரிசல் உண்டா? பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா?

பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்

ஆபத்து எப்போதும் சுவரிலும் கூரையிலும்தான் இருக்கும் என்பதில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை ஒரு நாள் "பள்ளிக்குப் போகமாட்டேன்" என்று அழுகிறது. உடனே அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து என்னவென்று கேளுங்கள். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் அவமானப்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. யாராவது பிள்ளையிடம் தவறாக நடந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அது கடுமையான குற்றம். "மானம் போய்விடும்" என்று மூடி மறைக்காதீர்கள். குற்றம் செய்தவர்தான் வெட்கப்பட வேண்டும். 1098 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். காசு கிடையாது. இரவிலும் பேசலாம்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும் இது பொருந்தும். ராகிங் என்பது விளையாட்டு அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் அதற்கு எதிராக விதிகள் கொண்டுவந்தது. விடுதியில் இருக்கும் பிள்ளையிடம் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு "யாராவது தொல்லை கொடுக்கிறார்களா?" என்றும் கேளுங்கள்.

தாய்மார்களே! பெரியோர்களே!

ஆசிரியர்களோடு சண்டை போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. தீப்பிடித்தால் ஆசிரியரும் அதே அறைக்குள்தான் இருக்கிறார். பூட்டிய கதவைத் திறந்து வைப்பதற்குச் செலவு கிடையாது. மருந்து டப்பாவை அப்புறப்படுத்த அரசாணை வேண்டியதில்லை. பணம் தேவைப்படும் வேலைகளை நோட்டில் எழுதி மேலே அனுப்புங்கள். பணம் தேவையில்லாத வேலைகளை அன்றைக்கே முடியுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?
2. கடைசிக் கூட்டத்தின் தீர்மானத்தை யார் படித்துப் பார்த்தார்கள்?
3. இந்த வாரம் பள்ளியைப் பார்க்க யார் யார் போகப்போகிறீர்கள்?