விமானம் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும்



வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போறதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் விமானம் ஏறினதில்லை. என் மதினி குவைத்தில் நாலு வருசம் இருந்துட்டு வந்தாங்க. அவங்க சொன்னதையும், பிறகு நான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சொல்றேன்.

திருச்சியிலிருந்து குவைத்துக்கு ஏறக்குறைய அஞ்சு மணி நேரம். காது அடைக்கும், எச்சில் முழுங்கினா சரியாகும். பெல்ட் போடத் தெரியலைன்னா பணிப்பெண்ணைக் கேளுங்க, வெட்கமே வேண்டாம். மதினி கக்கூஸ் கதவைத் திறக்கத் தெரியாம இறங்குற வரைக்கும் அடக்கிக்கிட்டே உக்காந்திருந்தாங்களாம். சிரிக்காதீங்க, நம்மள்ல யாரா இருந்தாலும் அப்படித்தான். அந்தக் கதவு நடுவுல மடங்கும், அழுத்தினாப் போதும். இறங்கினதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால தள்ளி வைக்கணும்.

பயணம் இவ்வளவுதான். இறங்கின பிறகுதான் விசயமே இருக்கு.

வரிசையில நின்னு பாஸ்போர்ட், விசா காட்டி, கைரேகை வச்சு வெளியே வந்தா முதலாளி வீட்டு ஆள் நிப்பார். வண்டியில ஏறினதுமே மதினிகிட்ட பாஸ்போர்ட்டை வாங்கிக்கிட்டாங்க. 2015-ல் குவைத்தில் போட்ட வீட்டுப் பணியாளர் சட்டப்படி அப்படி வாங்கி வச்சுக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லைன்னும் அதே சட்டத்தில் இருக்கு. மதினிக்கு இது எதுவும் தெரியாது. பாஷை தெரியாத ஊர்ல, ராத்திரி நேரத்துல யாருகிட்ட கேட்பாங்க? முதல் ஏழு மாசம் சம்பளமும் வரலை. அங்கே இந்தியத் தூதரகத்தில் பெண்களுக்குத் தங்குமிடம் இருக்குங்கிறதே திரும்பி வந்த பிறகுதான் தெரிஞ்சுது.

போகவே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. அந்தக் காசுலதான் மகளை நர்சிங் படிக்க வச்சாங்க. ஆனா கேட்க வேண்டியதை இங்கேயே கேட்டுடணும்.

பத்தாவது தேறாதவங்க பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று அச்சடிச்சிருக்கும். அவங்க வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயசு ஆகியிருக்கணும், அரசு அனுமதியும் வேணும். 2016 முதல் அரசு நிறுவனங்கள் வழியாத்தான் போகணும். நம்ம மாநிலத்துக்கு 1978-ல் தொடங்கின அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கு. என்னைப் போல பத்தாவது தேறினவங்களுக்கு அந்த அச்சு இருக்காது. அது சலுகைன்னு நினைக்காதீங்க. நம்ம ஒப்பந்தத்தை அரசாங்கம் ஒரு தடவை பார்க்கிறது நமக்கு இல்லைன்னு அர்த்தம்.

இதை மீறத்தான் ஏஜெண்டு சுற்றுலா விசா எடுத்துத் தர்றார். "போனதும் மாத்திக்கலாம்" என்பார். சுற்றுலா விசாவில் போய் வேலை செஞ்சா அங்கே நாமதான் குற்றவாளி. சம்பளம் கேட்கவும் வாய் திறக்க முடியாது.

குழுவில ஐந்நூறு ரூபாய் உள்கடனுக்கே தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுறோம். ரெண்டு வருச உழைப்புக்கான ஒப்பந்தத்தை மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போடலாமா?

முறையாப் போறவங்களுக்கு பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீடு உண்டு. ரெண்டு வருசத்துக்கு 275 ரூபாய்தான், விபத்தில் உயிர் போனா குடும்பத்துக்கு 10 லட்சம் கிடைக்கும்.

நம்ம குழுக்கள்ல யார் வீட்டிலாவது இப்போ பாஸ்போர்ட் எடுத்து வச்சிருந்தா, அடுத்த மாசக் கூட்டத்துக்கு விசா, ஒப்பந்தம் ரெண்டையும் கொண்டு வாங்க. மதினியும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. எல்லாத்துக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குழு பைலில் வச்சுட்டுத்தான் வழியனுப்பணும்.