ஒருமுறை நட்டால் பல வருடம் பூ



ஓணம் வந்தால் குமரி மாவட்டத்துத் தோவாளைச் சந்தையில் இருந்து லாரி லாரியாகப் பூ வருகிறது. நாமும் காசு கொடுத்து வாங்குகிறோம். ஓணத்துக்கு வாங்கலாம். ஆனால் தினமும் சாமிக்கும் தலைக்கும் வேண்டிய பூ நம் முற்றத்திலேயே கிடைக்குமே!

கேந்தியும் வாடாமல்லியும் ஒரு பருவம் பூத்துக் காய்ந்துவிடும். செம்பரத்தி, தெச்சி, நந்தியாவட்டை, பிச்சி அப்படியல்ல. ஒருமுறை வேர் பிடித்தால் பல வருடம் நிற்கும்.

நடுவது எப்படி? இடவப்பாதி மழை தொடங்கட்டும். பென்சில் கனத்தில் முற்றிய கம்பு எடுங்கள். ஒரு சாண் நீளம் போதும். அடியைச் சாய்வாக வெட்டுங்கள். மேலே இரண்டு இலை மட்டும் விடுங்கள். பாதிக் கம்பு மண்ணுக்குள் இருக்கட்டும். தண்ணீர் கட்டி நிற்கிற இடம் ஆகாது. வேர் அழுகிவிடும். தளிர் வந்ததும் பிடுங்கிப் பார்க்காதீர்கள்! வேர் பிடிக்க இன்னும் நாள் வேண்டும்.

உரத்துக்கு மக்கிய சாணி போதும். பிச்சியை டிசம்பர் கடைசியில் வெட்டிவிடுங்கள். புதுக் கிளையில்தான் பூ வரும்.

இனி அரளி. வெயிலைத் தாங்கும். ஆடு மாடு கடிக்காது என்று வேலியில் நடுகிறோம். எங்கள் வீட்டிலும் நட்டோம். ஒருநாள் அம்மா கிளைகளை வெட்டி வேலியோரம் போட்டார். வாடிய இலையை எங்கள் ஆடு தின்றது. மறுநாள் காலையில் ஆடு இல்லை. வாடினாலும் காய்ந்தாலும் அரளி விஷம்தான். இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம். அது இதயத்தைத் தாக்கும்.

2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நிவேதியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ வேண்டாம் என்று முடிவு செய்தது. துளசி, தெச்சி போதும் என்றது.

அரளியை வெறுக்க வேண்டாம். 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்க மாலையும் அரளிப் பூவால் கட்டுவதுதான். ஆனால் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நடாதீர்கள். வெட்டிய கிளையைக் குழி தோண்டி மூடுங்கள். எரிக்காதீர்கள், புகையும் கெடுதல். தொட்டால் கை கழுவுங்கள்.

யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த இலையையும் கையில் எடுத்துப் போங்கள்.

இன்று இரவு இதை வீட்டில் உரக்கப் படியுங்கள். படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்கட்டும். நாளைக்கு உங்கள் வேலியைப் பாருங்கள்.