வாயாடிப் பயல்களா, வல்லவர்களா?
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



சாயந்திரம் ஆனால் நம் பையன்கள் நாலு பேர் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, கையைத் தட்டி மடமடவென்று பாடுகிறார்கள். “என்ன சார், இதெல்லாம் ஒரு பாட்டா?” என்று பெற்றோர் என்னிடம் குறைப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்தப் பாட்டுக்கு ‘ஹிப் ஹாப்’ என்று பெயர். 1973 ஆகஸ்டு 11ஆம் நாள், நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில், ஓர் அடுக்குமாடி வீட்டில் நடந்த விருந்தைத்தான் இதன் பிறந்த நாளாகச் சொல்கிறார்கள். கூல் ஹெர்க் என்ற இளைஞர் இரண்டு இசைத்தட்டுப் பெட்டிகளை வைத்து, பாட்டில் தாளம் மட்டும் வரும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். அந்தத் தாளத்தின்மேல் பேச்சு ஏறியது, பேச்சே பாட்டானது. ஏழைகள் வாழ்ந்த வட்டாரம் அது.

அது நம் நாட்டுக்கும் வந்தது. கோலாலம்பூரில் யோகி பி முதலான நண்பர்கள் நால்வர் ‘பொயட்டிக் அம்மோ’ என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். 1998இல் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. ஆங்கிலம், மலாய், கண்டோனீசு ஆகியவற்றோடு தமிழும் அவர்கள் பாட்டில் ஒலித்தது. பிறகு யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் ‘நட்சத்திரா’ என்ற பெயரில் கூடி, 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பைத் தமிழில் தந்தார்கள். 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா இசையமைத்த ‘மடை திறந்து’ பாட்டை அவர்கள் புது வடிவில் பாட, தமிழ்நாட்டு இளைஞர்களும் அதைக் கேட்டார்கள். 2007இல் ‘பொல்லாதவன்’ படத்திலும் யோகி பியின் குரல் ஒலித்தது. சினிமாப் பாட்டு அங்கிருந்து இங்கே வருவதுதான் வழக்கம். இங்கிருந்து ஒரு பாட்டு அங்கே போனது சின்ன விஷயமா?

இப்போது என் கதைக்கு வருகிறேன். கணக்குப் பாட வேளையில் ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் பாட்டு எழுதிக்கொண்டிருந்தான். நோட்டைப் பறித்து, எல்லார் முன்னாலும் திட்டினேன். ராத்திரி வீட்டில் அதைப் புரட்டினேன்.

“விடியல் காலை அம்மா நடை,
விடாத மழைக்கு வாழையிலை குடை.”

மோனை இருக்கிறது, எதுகை இருக்கிறது, கடைசியில் இயைபும் இருக்கிறது. நான் கரும்பலகையில் எழுதிப்போட்டும் அவனுக்கு ஏறாத இலக்கணம்! ‘என் குடும்பம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது நாலு வரியோடு நிறுத்தியவன் அவன். பால்வெட்டப் போகும் தாயைப் பற்றி அவனுக்குச் சொல்ல இருந்தது. கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, வகுப்பிலே வாசிக்கச் சொன்னேன். கணக்கை முடித்த பிறகுதான்!

பெற்றோர்களே, எல்லாப் பிள்ளையும் யோகி பி ஆகிவிடமாட்டான். பாட்டு சோறு போடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அடித்து வாயை மூடவைக்காதீர்கள். என்ன எழுதினான் என்று ஒரு தடவை கேளுங்கள். பிள்ளைகளே, நீங்களும் கெட்ட வார்த்தையை விட்டுவிட்டு, நல்ல தமிழைத் தேடிப் படியுங்கள். சொல் இல்லாதவன் தாளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

இன்று தமிழ்மொழிக்குப் பரிசு வாங்க மேடையேறப் போகிறவர்களில் அந்தப் பையனும் ஒருவன். அவன் அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பலமாகக் கை தட்டுங்கள்.