சாய்வு நாற்காலியை நாமே புதுப்பிக்கலாம்

(பண்ணை ஒலிபரப்பில் விவசாயக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் பேசியது)



நான் தச்சு வேலை படித்தவளும் இல்லை, தையல்காரியும் இல்லை. மானாவாரியில் கடலையும் துவரையும் போடுகிற குடும்பத்துப் பெண். காட்டு வேலை இல்லாத நாளில் பழைய சாமானைத் தட்டிக்கொட்டிச் சரி பண்ணுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அதில் பெரிய தப்பு ஒன்றும் செய்திருக்கிறேன். அதைச் சொன்னால் உங்களுக்கு உபயோகப்படும் என்றுதான் இன்று பேச வந்தேன்.

எங்கள் மாமனாருக்கு ஒரு தேக்குமரச் சாய்வு நாற்காலி உண்டு. 1974-இல் கடலை விற்ற பணத்தில் வாங்கியது. 2018-இல் அதன் துணி நைந்து போச்சு. நான் என்ன செய்தேன்? பெட்டியில் கிடந்த பழைய போர்வையை இரண்டாக மடித்து, ரவிக்கை தைக்கிற ஊசியிலேயே ஒரே ஓட்டு ஓட்டி மாட்டிவிட்டேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் சாய்ந்ததும் மேல்தையல் 'டர்'ரென்று விட்டது. மனிதர் தரையில் விழுந்துவிட்டார். எலும்பு முறியாதது எங்கள் அதிர்ஷ்டம். ஆனாலும் இருபது நாள் இடுப்பு வலியோடு படுத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பழைய சாமான் வியாபாரி வந்தார். "அந்த உடைசலைக் கொடுங்கம்மா, ரெண்டு பிளாஸ்டிக் சேர் தர்றேன்" என்றார். நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். உள்ளே படுத்திருந்த மாமா, "கிழிஞ்சது துணிதானேம்மா, மரம் என்ன பண்ணிச்சு?" என்றார். அந்த ஒரு பேச்சில் நாற்காலியைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்தேன். இந்தத் தடவை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்தேன்.

முதலில் மரம்

துணியைக் கழற்றியதும் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். குண்டூசித் துளைகள் இருந்து, மாவு மாதிரித் தூள் கொட்டினால் வண்டு உளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கால் உளுத்திருந்தால் தச்சரிடம் கொடுத்து மாற்றிவிட வேண்டும். துணி கோத்த இரண்டு கழிகளையும், சாய்மானத்தைத் தாங்குகிற பல்வெட்டுகளையும் கட்டாயம் பாருங்கள். கழியில் கீறல் இருந்தால் புதுக்கழி போடுங்கள்.

மூட்டு ஆடினால் உடனே ஆணி அடிப்பது நம்ம பழக்கம். அது வேண்டாம். பழைய மரம் ஆணியில் பிளந்துவிடும். மூட்டைக் கழற்றி, காய்ந்த பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். பழைய பசைமேல் புதுப்பசை பிடிக்காது. மரம் ஒட்டும் வெள்ளைப் பசையைத் தடவி மூட்டைச் சேர்த்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். பாரம் கட்டுகிற நமக்கு அது சொல்லித் தரவேண்டியதில்லை. ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும்.

உப்புத்தாளும் பாலிஷும்

மேலே இருப்பது பாலிஷா பெயிண்டா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. பாலிஷ் போடும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேயுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது அரக்குப் பாலிஷ். அதை முழுக்கச் சுரண்ட வேண்டியதில்லை. ஸ்பிரிட் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து, மேலாகத் தேய்த்தால் போதும். இளகவில்லை என்றால் அது பெயிண்டாகவோ வார்னிஷாகவோ இருக்கும்.

பழைய பெயிண்ட் என்றால் எச்சரிக்கை வேண்டும். அதில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதனால் பழைய பெயிண்டை உலர்ந்தபடி தேய்க்கக்கூடாது. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாளை வாங்கி, ஈரத்தோடு தேய்த்து, வழிகிற சேற்றைத் துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம்.

எங்கள் நாற்காலியில் இருந்தது அரக்குப் பாலிஷ்தான். ரொம்பச் சொரசொரப்பான இடத்தை மட்டும் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன். பிறகு 120, கடைசியில் 220. மரத்தின் ரேகை ஓடுகிற போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் பாலிஷ் போட்ட பிறகு பளிச்சென்று தெரியும்.

பாலிஷுக்கு 250 மில்லி ஸ்பிரிட்டில் 50 கிராம் அரக்குச் செதிலைப் போட்டேன். கடையில் ஷெல்லாக் என்று கேட்டால் தருவார்கள். கண்ணாடிப் பாட்டிலில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, குலுக்கி, துணியில் வடிகட்ட வேண்டும். தகரப் பாத்திரம் ஆகாது, பாலிஷ் கறுத்துப் போகும். நாள்பட்ட கரைசல் சரியாகக் காயாமல் ஒட்டும். ஆகவே வேண்டிய அளவே கரையுங்கள்.

பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, கரைசலில் தொட்டு, மெல்லிசாகத் தடவிக்கொண்டே போகவேண்டும். நடுவில் கையை நிறுத்தினால் திட்டு விழும். ஒரு பூச்சு காய ஒரு மணி நேரம் விட்டு, 220-ஆம் நம்பர் தாளால் லேசாக நீவி, அடுத்த பூச்சு. ஐந்து பூச்சு போதும். மழைநாளில் போடாதீர்கள், ஈரக்காற்றில் பாலிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும்.

இரண்டு விஷயம் மறக்கவேண்டாம். இந்த ஸ்பிரிட் விஷம். அதைக் குடிதண்ணீர்ப் பாட்டிலிலோ சோடாப் பாட்டிலிலோ ஊற்றி வைக்கக்கூடாது. சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பும் பீடியும் தூரத்தில் இருக்கட்டும். சிலர் ஆளிவிதை எண்ணெய் தடவுவார்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கிவைத்து, அப்புறம் வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

துணிதான் உயிர்

நான் கோட்டை விட்டது இங்கேதான். போர்வைத் துணி ஆளைத் தாங்காது. கெட்டிக் கித்தான் துணி வாங்க வேண்டும். வாங்கியதும் வெட்டாமல் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும்.

பழைய துணியைத் தரையில் விரித்து அளவெடுங்கள். ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அது இழுபட்டிருக்கும். ஆகவே நீளத்தில் 2 அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். கழி நுழைகிற மடிப்புக்காக இரண்டு நுனியிலும் தனியாகத் துணி விடவேண்டும். எவ்வளவு என்று தெரிய, கழியைச் சுற்றி ஒரு துண்டுத் துணியைத் தளர்வாகச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தறியில் பாவு நூல் ஓடுகிற திசை நாற்காலியின் நீளவாட்டில் வரும்படி வெட்டுங்கள். பளு இழுக்கிற பக்கம் பாவு இருக்கவேண்டும்.

மிஷினில் 18-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். ரவிக்கை ஊசி கித்தானில் முறிந்துவிடும். தடித்த நூல் வேண்டும். தையல் நீளத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். நுனியை அரை அங்குலம் உள்ளே மடித்து, பிறகு கழிக்கான மடிப்பை மடித்து, அரைக்கால் அங்குல இடைவெளியில் நான்கு வரிசை தையுங்கள். ஒவ்வொரு வரிசையின் இரண்டு கோடியிலும் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்த வேண்டும். கனமான இடத்தில் காலால் மிதிக்காமல் சக்கரத்தைக் கையாலேயே சுற்றுங்கள்.

மிஷின் இல்லாதவர்களும் செய்யலாம். தடித்த கை ஊசியில் இரட்டை நூல் கோத்து, நூலை மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு தையல் முன்னே போய், பாதி பின்னே வந்து, மறுபடி முன்னே போகிற கெட்டித் தையலாகப் போடவேண்டும். கோணி ஊசி வேண்டாம். அது போடுகிற பெரிய துளையிலேயே துணி கிழியத் தொடங்கும்.

மூட்டைப் பரீட்சை

எல்லாம் முடிந்ததும் ஆளை உட்கார வைத்துவிடாதீர்கள். நாங்கள் ஒரு நெல் மூட்டையை இரண்டு பேராகத் தூக்கி, மெதுவாக நாற்காலியில் இறக்கி, ஒரு ராத்திரி அப்படியே விட்டோம். காலையில் மூட்டையை எடுத்து, தையல் வாய் பிளந்திருக்கிறதா, கழி வளைந்திருக்கிறதா என்று பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் மாமா உட்கார்ந்தார். அப்போதும் முதலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டுதான் உட்கார்ந்தார். பயம் விடவில்லை. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் தூங்கிவிட்டிருந்தார்.

செலவு 700 ரூபாய் கூட ஆகவில்லை. கடலை எடுத்து முடிந்த சமயத்தில் ஓய்ந்த பொழுதாகச் சேர்த்துப் பத்து நாள் வேலை. அதற்கப்புறம் எங்கள் வீட்டு ஸ்டூலும் ஊஞ்சல் பலகையும் கூடப் பாலிஷ் கண்டன.

உங்கள் வீட்டுப் பரணிலும் மாட்டுக்கொட்டகையிலும் இப்படி ஏதாவது நல்ல மரச்சாமான் கிடக்கும். எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். மரம் நன்றாக இருந்தால் துணிந்து வேலையைத் தொடங்குங்கள். ஆனால் பெரியவர்கள் உட்காருகிற இடம் என்றால், மூட்டை உட்கார்ந்து எழுந்த பிறகே மனிதர் உட்காரட்டும்.