தருமமும் கூலியும்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சந்தோஷப்படும் வீடு, மறுநாளே கவலைப்படும். "பிள்ளை மார்க் வாங்கிவிட்டது, மேலே படிக்கவைக்கப் பணத்துக்கு எங்கே போவது?" மூணாறு லயத்திலும் இதே கேள்விதான்; நெல்லியாம்பதியிலும் சித்தூரிலும் இதே கேள்விதான். இதற்குக் கேரளத்துக் குடும்பம் ஒன்று தன்னால் ஆன பதிலைச் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லவே வந்தேன்.

ஷிபுலால் ஆலப்புழை மாவட்டத்துக்காரர். 1981இல் ஏழு பேர் கூடி இன்போசிஸ் கம்பெனியைத் தொடங்கினார்களே, அந்த ஏழு பேரில் ஒருவர். 2011 முதல் 2014 வரை அதன் தலைமை நிர்வாகியாகவும் இருந்தார். கம்ப்யூட்டர் தொழிலில் சேர்ந்த செல்வத்தை என்ன செய்தார்? 1999இல் அவரும் துணைவியார் குமாரியும், பெற்றோரின் பெயரில் சரோஜினி தாமோதரன் அறக்கட்டளையை நிறுவினார்கள். அதன் கல்வி உதவித் திட்டம்தான் 'வித்யாதன்'. பத்தாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் எடுத்த ஏழைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அடுத்த இரண்டு வருஷப் படிப்புக்கு உதவுகிறார்கள். நன்றாகப் படித்தால் பட்டப்படிப்புக்கும் உதவி உண்டு. கேரளத்தில் தொடங்கிய திட்டம் இன்று தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் நடக்கிறது.

பாராட்ட வேண்டிய காரியம், பாராட்டுகிறோம். அதை வாங்குவதில் வெட்கமும் வேண்டாம். படிப்புக்கு வரும் உதவி பிச்சையல்ல.

ஆனால் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "குடும்ப வருமானம் வருஷம் 2 லட்சத்துக்குள் இருக்கணுமாமே! கூலி உயர்ந்தால் பிள்ளைக்கு வர்ற உதவி போயிடாதா?"

நியாயமான கேள்வி. கணக்குப் பார்ப்போம். 2015 செப்டம்பரில் மூணாறில் நம் தாய்மார்கள் 'பொம்பிளை ஒருமை'யாகச் சாலையில் உட்கார்ந்தபோது நாட்கூலி 232 ரூபாய். கேட்டது 500. கிடைத்தது 301. புருஷன், பெண்சாதி இருவரும் அந்தக் கூலிக்கு வருஷத்தில் 300 நாள் கொழுந்து எடுத்தாலும் 1,80,600 ரூபாய்தான். நாட்கூலி 334 ஆனால் வரம்பைத் தாண்டிவிடும். அதாவது, இரண்டு பேர் வருஷம் முழுக்க உழைத்தும் ஏழை என்ற வரம்புக்குள்ளேயே நின்றோம்! இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் நாமா, அந்தக் கூலியை நிர்ணயித்தவர்களா?

அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுதான்: உதவித்தொகை வீட்டில் ஒரு பிள்ளைக்கு, சில வருஷத்துக்கு. கூலி உயர்வு எல்லாப் பிள்ளைக்கும், எல்லா வருஷத்துக்கும். முதல் மார்க் வாங்கிய பிள்ளையைத் தருமம் தேடி வரும்; எட்டாம் வகுப்பில் நின்று வேலைக்குப் போன பிள்ளையைத் தேடி வராது. தாய்மொழியில் படிக்கப் பள்ளி, அதற்கு வாத்தியார், போய்வர பஸ், வயிறார உணவு, இவையெல்லாம் இருந்தால்தான் அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பையே பார்க்கும். அவற்றை அரசிடமும் நிர்வாகத்திடமும் உரிமையாகத்தான் கேட்க வேண்டும். எந்தச் சீமானிடமும் கேட்டுப் பயனில்லை.

ஆகவே இரண்டு வேலை. ஒன்று, ரிசல்ட் வந்த வாரமே ஒவ்வொரு எஸ்டேட்டிலும், ஒவ்வொரு ஊரிலும் படித்த வாலிபர் இருவர் உட்கார்ந்து, தகுதியுள்ள பிள்ளைகளின் விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிக் கொடுக்க வேண்டும். மார்க் ஷீட், போட்டோ, வில்லேஜ் ஆபீஸ் வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்துவையுங்கள். கடைசி நாள் வரை காத்திருந்து ஏமாற வேண்டாம். இரண்டு, கூலிப் பேச்சுவார்த்தை வரும்போது, உதவித்தொகையைக் காட்டி யாரும் உங்கள் வாயை அடைக்க விடாதீர்கள்.

ஷிபுலால் குடும்பம் தாய் தந்தையர் பெயரை அறக்கட்டளையில் நிறுத்தியது. நம் தாய் தந்தையர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இந்த மலையின் தேயிலைச் செடிகள் அவர்கள் நட்டவை. அவர்கள் பேரப்பிள்ளைகள் படித்து நிமிர்வதுதான் நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.