கடன் பைசலும் திவால் மனுவும்



கடன் தலைக்கு மேல் போய்விட்ட குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் எழுவதை நாம் காண்கிறோம். ஒரு தொகையைக் கட்டிப் பைசல் செய்துவிடலாம் என்பது ஒன்று. ஐ.பி. போட்டுவிடலாம் என்பது மற்றொன்று. மஞ்சள் நோட்டீசு என ஊரார் கூறும் இந்த இரண்டாவது வழியைப் பற்றித் தவறான எண்ணங்கள் மிகுந்திருப்பதால் அதனையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

தனிநபர் திவாலுக்குச் சென்னை நகரில் 1909ஆம் ஆண்டுச் சட்டமும், ஏனைய மாவட்டங்களில் 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டமும் பொருந்துகின்றன. பின்னதன்படி, கடனைத் தீர்க்க இயலாதவர் 500 ரூபாய்க் கடனுக்கே மனுச் செய்யலாம்! நீதிமன்றம் ஒருவரைத் திவாலானவர் என அறிவித்ததும் அவருடைய சொத்து நீதிமன்றத்தின் வசமோ ரிசீவர் வசமோ போய்விடும். அதன்பின் கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற அனுமதியின்றி அவர்மீது தனித்தனியே வழக்குத் தொடர இயலாது. ஆனால் வீட்டை அடமானமாகப் பெற்ற வங்கியை இது தடுக்காது.

அறிவிப்பு வந்த அன்றே கடன் அழிந்துவிடுவதுமில்லை. விடுவிப்பு ஆணையைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்கேனும் சொத்து இல்லையெனில், அந்நிலைக்குத் தாம் பொறுப்பல்லர் என்பதை அவர் நிரூபித்தாலன்றி முழு விடுவிப்புக் கிடைக்காது. எட்டணா என்ற சொல் சட்டத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது.

வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவைத்துவிட்டு மனுப் போடலாம் எனச் சிலர் யோசனை கூறுகின்றனர். அந்த யோசனையைக் கேட்காதீர்கள். மனுவுக்கு முந்தைய இரண்டாண்டுகளுக்குள் விலை பெறாமல் செய்த சொத்து மாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். சொத்தை மோசடியாக மறைத்தவருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

கடன் கொடுத்தோர் ஓரிருவராக இருந்து, கையில் மொத்தத் தொகை ஏதேனும் திரட்ட முடியுமாயின் பைசலே மேல் என்பது நம் கருத்து. இதிலும் இழப்பு உண்டு. ஒருவரோடு செய்த பைசல் மற்றவரைக் கட்டுப்படுத்தாது. கடன் வரலாற்று அறிக்கையில், முழுதும் செலுத்தியதாக அன்றி, 'செட்டில்டு' என்றே பதிவாகும். ரிசர்வ் வங்கியின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி, விவசாயமல்லாத கடனைச் சமரசமாக முடித்தவருக்கு அவ்வங்கி குறைந்தது ஓராண்டு புதுக்கடன் தரலாகாது. வங்கி அலுவலரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். கடிதம் பெற்ற பின்னரே கட்டுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அத்தீர்ப்பு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு இல்லை.

இனி ஜாமீன் கையெழுத்திட்டவரின் நிலை. நம்மில் பலர் நட்புக்காகவும் உறவுக்காகவும் கையெழுத்திட்டிருக்கிறோம். திவாலானவர் விடுவிப்புப் பெற்றாலும் ஜாமீன்தாரர் விடுபடுவதில்லை. வங்கி அவர் வீட்டுக்கு வரும். எனவே ஐ.பி. போட நினைப்பவர் வழக்கறிஞரிடம் செல்லுமுன் தமக்காகக் கையெழுத்திட்டவரிடம் செல்லட்டும். பைசல் செய்பவரோ, ஜாமீன்தாரரும் விடுவிக்கப்பட்டார் என்ற வரியை வங்கியின் கடிதத்தில் கேட்டுப் பெறட்டும்.